ஊராட்சிக்கு வந்த ஃபைபர் வீட்டுக்கு ஏன் வரவில்லை? பாரத்நெட் – ஓர் எளிய விளக்கம்

ஊராட்சிகளை ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழையால் இணையத்தோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டம் பாரத்நெட். அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரு தரப்புகள் மோதிக்கொள்கின்றன. நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை போய்ச் சேர்ந்துவிட்டது, இது பெரும் சாதனை என்கிறது ஒரு தரப்பு. எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில்கூட அந்த இணைப்பு இல்லை, எல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்கிறது மறுதரப்பு. ஒரே ஊரைப் பற்றி, ஒரே நாளில், இவ்விரண்டு கூற்றுகளுமே உண்மையாக இருக்க முடியும். அரசு தன் கணக்கில் எண்ணுவது ஒன்று. மக்கள் தம் வீட்டில் தேடுவது வேறொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு சில நூறு மீட்டர்தான் என்றாலும், அதைக் கடப்பது யார் பொறுப்பு, யார் செலவு என்ற கேள்விக்கு இத்திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில் தெளிவான விடை இருக்கவில்லை.

இதோடு வேறு சில மயக்கங்களும் கலந்துவிட்டன. அரசு இலவசமாக இணையம் தரப்போகிறது என்று நம்புவோர் உண்டு. கையில் 4ஜி இருக்கும்போது தெருவைத் தோண்டிக் கம்பி புதைப்பது வீண் செலவு என்போரும் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்க, வலையமைப்பு எப்படி இயங்குகிறது என்பதை அடியிலிருந்து தெரிந்துகொண்டால் போதும்.

கூட்டுக் குடிநீர்த் திட்டமும் இணையமும்

ஆற்றங்கரையில் தலைமை நீரேற்று நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பெரிய குழாய் மாவட்டங்களைக் கடந்து செல்கிறது. அதிலிருந்து பிரியும் கிளைக்குழாய் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு வருகிறது. தொட்டியிலிருந்து தெருக்குழாய், தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குழாய். இவை எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் குடத்தில் தண்ணீர் விழும்.

இணையமும் இப்படித்தான் படிப்படியாக ஊருக்கு வருகிறது. சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் கடலடிக் கேபிள்களும், பெருநகரங்களிலுள்ள தரவு மையங்களும் நீரேற்று நிலையத்தின் இடத்தில் இருக்கின்றன. மாநிலங்களையும் மாவட்டத் தலைநகரங்களையும் இணைக்கும் பெருவழி இழைகள் பெரிய குழாயின் வேலையைச் செய்கின்றன. இவற்றை முதுகெலும்பு வலை என்பார்கள். ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை வரும் பகுதி கிளைக்குழாய். தொலைத்தொடர்புத் துறையினர் இதை ‘மிடில் மைல்’ என்கிறார்கள், நாம் நடுத்தடம் என்போம். ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடு, கடை, பள்ளி, சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குச் செல்வது கடைசித் தடம்.

பாரத்நெட் முதன்மையாக நடுத்தடத்துக்கான திட்டம். அதாவது, மேல்நிலைத் தொட்டி வரை குழாய் பதித்து, தொட்டியை நிரப்பிவிட்டு, ‘இந்த ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது’ என்று கணக்கெழுதும் திட்டம். கணக்கில் பொய் இல்லை. தெருக்குழாய் அதில் சேராது, அவ்வளவுதான்.

ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழாயின் கொள்ளளவு அதன் விட்டத்தோடு முடிந்துவிடும். கூடுதல் தண்ணீர் வேண்டுமென்றால் பெரிய குழாய் பதிக்க வேண்டும். கண்ணாடி இழை அப்படியல்ல. இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினாலே, புதைத்த இழையைத் தொடாமல் அதன் கொள்ளளவைப் பல மடங்கு உயர்த்தலாம். அரசுகள் இவ்வளவு பணத்தை மண்ணுக்குள் போடத் துணிவதற்கு இந்த ஒரு பண்பே பெரிய காரணம்.

இழைக்குள் என்ன நடக்கிறது?

கண்ணாடி இழை என்பது மிகத் தூய கண்ணாடியால் ஆன நூல். வெளிப்பூச்சை நீக்கிவிட்டால் அதன் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே, ஏறக்குறைய 9 மைக்ரான் அகலமுள்ள உள்ளகத்தில்தான் ஒளி ஓடுகிறது. உள்ளகமும் அதைச் சுற்றியுள்ள கண்ணாடியும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பவை. அதனால் உள்ளே நுழைந்த ஒளி வெளியேற வழியின்றி, பல கிலோமீட்டர் தொலைவுக்கு உள்ளகத்துக்குள்ளேயே அடைபட்டுச் செல்கிறது. ஒரு முனையில் லேசர் விளக்கு நொடிக்குப் பல கோடி முறை மின்னுகிறது. மறுமுனையில் ஓர் உணரி அந்த மின்னல்களைப் படித்து எழுத்தாக, குரலாக, காட்சியாக மாற்றுகிறது.

செம்புக் கம்பியில் தொலைவு கூடக்கூட வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அலைக்கற்றையில் மழை, மரம், கூட்டம் எல்லாம் குறுக்கே வரும். இழைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அதன் எதிரி ஜேசிபி இயந்திரம். அதற்குப் பின்னர் வருவோம்.

வேகத்தை எம்பிபிஎஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். தரவின் மிகச் சிறிய அலகு பிட். ஒரு நொடியில் 10 லட்சம் பிட் கடந்தால் அது 1 எம்பிபிஎஸ். ஆயிரம் எம்பிபிஎஸ் சேர்ந்தால் 1 ஜிபிபிஎஸ். பதிவிறக்க வேகம் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தால்தான் ஓர் இணைப்பை அகலக்கற்றை, அதாவது பிராட்பேண்ட், என்று அழைக்கலாம் என இந்திய அரசு 2023இல் வரையறுத்தது. அதற்கு முன் அந்த வரம்பு 512 கேபிபிஎஸ், ஏறத்தாழ அதில் கால் பங்கு.

ஒன்றியத்திலிருந்து ஊராட்சி வரை

ஒன்றியத் தலைமையிடத்திலுள்ள தொலைபேசி நிலையத்தில் ஓஎல்டி என்ற பெட்டி இருக்கிறது. ஒளியை அனுப்புவதும் பெறுவதும் அதன் வேலை. அதிலிருந்து கிளம்பும் ஓர் இழை, வழியில் ஸ்பிளிட்டர் எனப்படும் சிறிய ஒளிப் பிரிப்பானால் பல கிளைகளாகிறது. ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. கிராமப்புறத்துக்கு இது பெரிய வசதி. ஒவ்வொரு கிளையும் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் ஓஎன்டி என்ற பெட்டியில் முடிகிறது. ஒளியை மின்குறிப்பாக மாற்றி, கணினிக்கோ வைஃபை கருவிக்கோ கொடுப்பது இந்தப் பெட்டி.

அந்தப் பெட்டியை நேரில் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். சுவரில் பொருத்திய ஓர் இரும்புப் பேழை, அதற்குள் கருவி, பக்கத்தில் பேட்டரி, சில இடங்களில் கூரைமேல் சூரியத் தகடு. கருவியின் முகப்பில் சிறு விளக்குகள். ‘பான்’ என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒன்றியத்திலிருந்து ஒளி வந்துகொண்டிருக்கிறது. ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வழியில் எங்கோ இழை அறுந்திருக்கிறது. எந்த விளக்குமே எரியவில்லையென்றால், பழுது இழையில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பேட்டரி தீர்ந்திருக்கலாம், மின்விசிறிக்கு இடம் வேண்டி யாராவது பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம், பூட்டிய அலுவலகத்தின் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கலாம். பல்லாயிரம் கோடி ரூபாய் வலையமைப்பின் கடைசிப் புள்ளி இப்படி ஒரு பிளக்கை நம்பியிருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒன்றியத்தில் ஓஎல்டி, வழியில் ஸ்பிளிட்டர், ஊராட்சியில் ஓஎன்டி. இந்த மூன்றையும் இணைக்கும் இழைதான் நடுத்தடம். பாரத்நெட் கட்டியது இதைத்தான். வீட்டு இணைப்பு இன்னும் கதைக்குள் வரவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

இது வரிப்பணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சற்று நுட்பமாகப் பார்த்தால் இது நம் ரீசார்ஜ் பணம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 8 விழுக்காட்டை உரிமக் கட்டணமாக அரசுக்குக் கட்டுகின்றன. அந்த எட்டில் ஐந்து பங்கு, அதாவது வருவாயில் 5 விழுக்காடு, லாபம் வராத ஊர்களுக்கும் சேவையைக் கொண்டுசெல்வதற்கென ஒதுக்கப்பட்ட தனி நிதிக்குப் போகிறது. 2002இல் தொடங்கிய அந்த நிதியின் பழைய பெயர் உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி; 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அது டிஜிட்டல் பாரத் நிதி ஆயிற்று. சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் போடப்பட்டு, 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கேபிளுக்கும் இந்த நிதியே செலவழித்தது.

நகரத்தில் ரீசார்ஜ் செய்பவரின் பணத்தில் ஒரு துளி மலையடிவார ஊரின் இழைக்குச் செல்வது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே, அந்தத் துளி என்ன ஆனது என்று கேட்கும் உரிமை ரீசார்ஜ் செய்யும் எல்லோருக்கும் உண்டு.

ஏன் இவ்வளவு தாமதம்?

மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது 2011 அக்டோபரில். அப்போது அதன் பெயர் தேசிய ஒளியிழை வலையமைப்பு; மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய்; இலக்கு ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகள்; காலம் இரண்டே ஆண்டுகள். 2012 பிப்ரவரியில் பாரத் பிராட்பேண்ட் நெட்வொர்க் லிமிடெட் என்ற தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. ராஜஸ்தானின் அராய்ன், ஆந்திரத்தின் பரவாடா, திரிபுராவின் பானிசாகர் ஆகிய மூன்று ஒன்றியங்களில், மொத்தம் 59 ஊராட்சிகளில் முன்னோட்டம் நடந்தது. 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. முதல் கட்டமான 1 லட்சம் ஊராட்சிகள் முடிந்தபோது 2017 டிசம்பர் ஆகிவிட்டது.

மெத்தனம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் காரணங்கள் திட்டத்தின் வடிவமைப்பிலேயே இருந்தன. செலவைக் குறைப்பதற்காக, ஒன்றியத்திலிருந்து புறப்படும் வழியில் பிஎஸ்என்எல் முன்பே புதைத்து வைத்திருந்த இழைகளைப் பயன்படுத்திக்கொள்வது என்றும், அது முடியும் இடத்திலிருந்து ஊராட்சி வரை மட்டும் புதிதாகப் போடுவது என்றும் முடிவாயிற்று. ஏட்டில் பார்த்தால் இது சிக்கனம். நடைமுறையில், பழைய இழைகளில் பல முன்பே ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நைந்திருந்தன. புதிய பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மொத்தப் பாதையின் தரம் பழைய பகுதியின் தரத்தைத் தாண்டவில்லை.

அடுத்தது அனுமதி. ஒரே இழை நெடுஞ்சாலை, ஊராட்சிச் சாலை, ரயில் பாதை, வனப்பகுதி எல்லாவற்றையும் கடக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் துறை, தனிக் கட்டணம், தனிக் கோப்பு. இதை வழியுரிமை என்பார்கள். இதற்கான ஒரே சீரான மத்திய விதிகள் 2016இல்தான் வந்தன.

மூன்றாவது காரணம் வடிவம். முதல் கட்ட வலையமைப்பு நேர்க்கோடாகப் போடப்பட்டது: ஒன்றியத்திலிருந்து முதல் ஊர், அதைத் தாண்டி அடுத்த ஊர், அப்படியே கடைசி ஊர். வழியில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள எல்லா ஊர்களும் இருளும். வளைய அமைப்பில் இழை ஊர்களையெல்லாம் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும். ஓரிடத்தில் அறுந்தாலும் தரவு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்துவிடும். வளையத்துக்கு இழை அதிகம் வேண்டும், செலவும் கூடும். 2011இன் மதிப்பீட்டில் அதற்கு இடம் இருக்கவில்லை.

ஜேசிபி ஒரு முறை தோண்டினால்

சாலையை அகலப்படுத்துவோர், மழைநீர் வடிகால் கட்டுவோர், நாம் மேலே உவமைக்கு எடுத்துக்கொண்ட அதே குடிநீர்க் குழாயைப் பதிப்போர் என எல்லோரும் தோண்டுவது இழை கிடக்கும் அதே சாலையோர மண்ணைத்தான். ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாக மத்திய அரசே கணக்கிட்டிருக்கிறது. தோண்டுமுன் கேபிள் உரிமையாளரிடம் கேட்பதற்கென்று ஒரு செயலியை 2023 மார்ச்சில் வெளியிட்டதும் அதனால்தான்.

அறுந்த கேபிளைச் சேர்ப்பது மின்கம்பியை முறுக்கிவிடுவது போன்ற வேலையன்று. முதலில் ஓடிடிஆர் என்ற கருவியால் இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு, எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று கண்டறிகிறார்கள். அங்கே குழியைத் தோண்டி, சிதைந்த பகுதியை வெட்டியெறிந்து, புதிய துண்டை நடுவில் வைக்கிறார்கள். ஆகவே ஒரு வெட்டுக்கு இரண்டு இணைப்பு. கேபிளுக்குள் 24 இழைகள் இருந்தால் மொத்தம் 48 ஒட்டுகள். ஒவ்வோர் இழையின் பூச்சையும் உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, ஸ்பிளைசிங் இயந்திரத்தில் நேருக்கு நேர் வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். நீல இழை நீலத்தோடும் ஆரஞ்சு ஆரஞ்சோடும் சேர வேண்டும். தூசு பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இதைச் செய்யத் தெரிந்தவரும் இயந்திரமும் மாவட்டத் தலைநகரில் இருந்து, அவருக்கு ஒரு மாதப் பாக்கி நிலுவையிலும் இருந்தால், ஊராட்சிப் பெட்டியில் சிவப்பு விளக்கு எத்தனை நாள் மின்னும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைத் தவிர்க்கத்தான் சில மாநிலங்கள் இழையை மண்ணுக்குள் போடாமல் மின்கம்பங்களின் மேல் கொண்டுசெல்கின்றன. காற்றுக்கும் புயலுக்கும் அஞ்ச வேண்டும் என்பது அதன் குறை. அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், விரைவில் சரிசெய்யலாம் என்பது நிறை.

‘சேவைக்குத் தயார்’ என்ற கணக்கு

அரசு அறிக்கைகளில் வரும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் என்ற எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ‘சேவைக்குத் தயார்’ என்ற குறிப்பைக் காணலாம். இழை போடப்பட்டது, பெட்டி பொருத்தப்பட்டது, சோதித்தபோது ஒளி வந்தது என்பதே அதன் பொருள். இன்று அந்தப் பெட்டி இயங்குகிறதா என்பது இரண்டாவது கணக்கு. அதன் வழியாக எத்தனை வீடுகளும் அலுவலகங்களும் இணைந்துள்ளன என்பது மூன்றாவது. மாதத்துக்கு எவ்வளவு தரவு பயன்படுகிறது என்பது நான்காவது. செய்திகளில் முதல் எண் தலைப்பாகிறது. மற்ற மூன்றும் நாடாளுமன்றக் கேள்வி பதில்களில் தேடினால் சில வேளை கிடைக்கும்.

ஒரு சிறு கணக்கும் இங்கே உதவும். முதலில் ஓர் ஊராட்சிக்கு ஒதுக்க நினைத்தது 100 எம்பிபிஎஸ். ஊராட்சி அலுவலகம், பள்ளி, அஞ்சலகம், இ-சேவை மையம் ஆகியவற்றுக்கு அது தாராளம். அதையே வீடுகளுக்குப் பிரித்தால், வீட்டுக்கு 25 எம்பிபிஎஸ் என்று கொண்டாலும் ஒரே நேரத்தில் நான்கு வீடுகள் முழு வேகத்தில் பார்த்தவுடன் தொட்டி காலி. எல்லோரும் ஒரே நொடியில் பயன்படுத்துவதில்லை என்பதால் நடைமுறையில் கூடுதல் பேர் பகிரலாம் என்றாலும், 2011இன் வடிவமைப்பு அலுவலகங்களை மனத்தில் வைத்தது, குடும்பங்களை வைத்தது அல்ல என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது.

கடைசித் தடம் யாருடையது?

ஊராட்சி வரை அரசு போட்டுவிட்டால், அங்கிருந்து தனியார் நிறுவனங்களும் உள்ளூர் கேபிள்காரர்களும் வாடகை கொடுத்து வீடுகளுக்கு எடுத்துச்செல்வார்கள் என்பதே தொடக்ககால எதிர்பார்ப்பு. அது பெரிய அளவில் நடக்கவில்லை. அடிக்கடி அறுந்துபோகும் நேர்க்கோட்டு வலையை நம்பி முதலீடு செய்ய யாருக்குத்தான் துணிவு வரும்? 2021 ஜூனில், 16 மாநிலங்களில் தனியார் பங்களிப்போடு நடத்த 19,041 கோடி ரூபாய் ஈடுகட்டு நிதியுடன் (வருவாய் போதாத திட்டத்தின் பற்றாக்குறையை அரசு நிரப்பும் பணம்) அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்பார்த்த அளவில் எவரும் முன்வராததால் அந்த ஒப்பந்தப்புள்ளி கைவிடப்பட்டது.

மாநிலங்கள் சில வேறு வழி பார்த்தன. ஆந்திரப் பிரதேசம் மின்கம்பங்கள் வழியே இழையைக் கொண்டுசென்று, 2017 டிசம்பரில், இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றையும் சேர்த்து மாதம் 149 ரூபாய்க்கு வீடுகளுக்கே தரத் தொடங்கியது. உள்ளூர் கேபிள்காரர்களைப் போட்டியாளர்களாக்காமல் பங்காளிகளாக்கியது அதன் சாமர்த்தியம். கேரளம் தன் மின்வாரியக் கம்பங்களில் கே-ஃபோன் வலையமைப்பை அமைத்து 2023 ஜூனில் திறந்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் அறிவிக்கப்பட்ட இலக்கு. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் எனப்படும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், பாரத்நெட்டின் இரண்டாம் கட்டமாக, 12,525 ஊராட்சிகளை 1,815 கோடி ரூபாயில் இணைக்கும் பணியை ஏற்றது. ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ் என்பது இங்குள்ள இலக்கு, அதாவது முதல் திட்டத்தின் 100 எம்பிபிஎஸ்ஸைப் போலப் பத்து மடங்கு.

2023இல் மாறியது என்ன?

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. முன்பு பார்த்த குறைகளுக்கு ஒவ்வொன்றாக விடை தேடுவது போல அதன் அம்சங்கள் அமைந்துள்ளன: நேர்க்கோடுகள் வளையங்களாகும்; 10 ஆண்டுகளுக்கான இயக்கமும் பராமரிப்பும் செலவிலேயே சேர்க்கப்பட்டன; விடுபட்ட ஊராட்சிகளோடு, கேட்கும் சிற்றூர்களுக்கும் இழை போகும்; 5 ஆண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் என்று முதன்முறையாகக் கடைசித் தடத்துக்கே ஓர் எண் வைக்கப்பட்டது. வீட்டு இணைப்பைக் கொடுத்துப் பராமரிப்பவர் உள்ளூர்த் தொழில்முனைவோர். வருவாயை அவரும் பிஎஸ்என்எல்லும் பகிர்ந்துகொள்வார்கள். இலவசம் இங்கே எங்கும் இல்லை. மாதக் கட்டணம் கட்ட வேண்டும். என் பார்வையில் இந்தப் பட்டியலில் முக்கியமானது பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம். இழையைப் போடுவது ஒருமுறைச் செலவு. அதை உயிரோடு வைத்திருப்பது மாதாமாதச் செலவு என்பதை முதல் திட்டம் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

கைபேசியும் செயற்கைக்கோளும் இருக்கும்போது?

கைபேசி இணையம் காற்றில் வருவது நம் கையிலிருந்து கோபுரம் வரைதான். கோபுரத்திலிருந்து மீதிப் பாதைக்கு இழையோ, அதைவிடக் கொள்ளளவு குறைந்த நுண்ணலை என்ற காற்றுவழி இணைப்போ வேண்டும். நுண்ணலையில் இயங்கும் கோபுரத்தின் கீழ் மாலை ஏழு மணிக்கு நூறு பேர் காணொளி பார்த்தால், சிக்னல் முழுதாக இருந்தும் படம் சுற்றிக்கொண்டே நிற்பதற்கு ஒரு காரணம் இதுவே. கிராமத்துக்கு வரும் இழையைக் கோபுரமும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பாரத்நெட்டின் பயன், அதில் இணையாதவரின் கைபேசிக்கும் போகக்கூடியது.

தாழ்வட்டப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நல்ல வேகம் தருகின்றன. ஆனால் ஒரு செயற்கைக்கோளின் கொள்ளளவை அதன் கீழுள்ள பெரும்பரப்பு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மக்கள் நெருக்கம் குறைந்த இடத்தில் அது சிறப்பாக இயங்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் நூற்றுக்கணக்கானோர் வாழும் தமிழ்நாட்டுச் சமவெளியிலோ கங்கைக் கரையிலோ எல்லோரும் ஒருசேரப் பயன்படுத்தினால் திணறும். காட்டுக்குள்ளும் மலையுச்சியிலும் தீவுகளிலும் இழை போடுவதற்கான செலவோ சாத்தியமோ கட்டுப்படியாகாத ஊர்களுக்கு அது பொருத்தமான வழி. பாரத்நெட்டே சில ஆயிரம் ஊராட்சிகளைச் செயற்கைக்கோள் வழியாகத்தான் இணைத்திருக்கிறது.